அடிப்பாகு

அன்று எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. முந்தின நாள் ஆறு அறை மெத்தையையும் தனியாளாகப் புரட்டி வெயிலில் போட்டு எடுத்ததில் நடு முதுகில் ஒரு நரம்பு பிடித்துக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தேன். கோயமுத்தூர் டாக்சி நின்றிருந்தது. ஒரு பெண் தன் பெட்டியைத் தானே இறக்கிக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டியதும், “விடுங்க அக்கா, நானே தூக்கிக்கிறேன்” என்றாள்.

தங்க வந்தவர்களில் அப்படிச் சொன்னவர் அதுவரை யாரும் இல்லை. அந்த ஒரு சொல்லில்தான் அவளை நம்பத் தொடங்கினேன்.

பேர் கிளாடிஸ். மலேசியாவில் பினாங்கு. நாற்பதைத் தொடும் வயது. தமிழில் கதை எழுதுகிறவள். அவள் கொள்ளுத்தாத்தா நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி ரப்பர் தோட்டத்துக்குப் போனவராம். அவர் விட்டுப்போன ஊர் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்து ஒரு நாவல் எழுத வேண்டும் என்று வந்திருந்தாள். இரண்டு வாரத்துக்குத்தான் பயணம். திரும்பும் டிக்கெட்டைப் பையிலேயே வைத்திருந்தாள். அது 2020 மார்ச் மாதம்.

வீடு சத்தியமங்கலத்துக்குத் தெற்கே, வாய்க்கால் பாசனத்துத் தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கிறது. பண்ணாடி வீடு என்பார்கள். தோட்டத்து முதலாளியை எங்கள் ஆட்கள் பண்ணாடி என்றுதான் கூப்பிட வேண்டும். பேர் சொல்லும் வழக்கம் இல்லை. பழைய பண்ணாடி செத்துப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. அவர் பேரன் சுரேந்தர் கோயமுத்தூரில் இருந்துகொண்டு வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தான். நகரத்து ஆட்கள் சனி, ஞாயிறு வந்து பணம் கட்டிச் சாணி மிதித்துவிட்டுப் போவார்கள். சமைக்க, கூட்ட, துவைக்க நான் ஒருத்தி. என் பேர் ராசாத்தாள். தோட்டத்துக் கோடியில் ஓட்டு வீட்டில் அப்பன் அங்கப்பனோடு இருந்தேன். அப்பனுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

ஆகாததற்குக் காரணம் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஆலை.

அது பழைய கரும்பாலை. ஓட்டுக் கூரை, நாலு புறமும் திறப்பு. நடுவில் அடுப்புக்குழி. அதன் மேல் இரும்புக் கொப்பரை. ஓர் ஆள் கைகாலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு அகலம். அதில்தான் கரும்புச் சாற்றை ஊற்றி, சக்கையை எரித்து, வெல்லம் காய்ச்சினார்கள். பாகு காய்ச்சி இறக்குகிறவர் என் அப்பன். துடுப்புப் போட்டுக் கிண்டுகிறவன் என் அண்ணன் சென்னியப்பன். 1986 தை மாதம் ஒரு விடியற்காலையில் அண்ணன் பண்ணாடி வீட்டுப் புதுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். அப்படித்தான் ஊர் சொன்னது. அவனுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. அம்மா எட்டு வருஷம் ரோட்டோரம் போய் நின்று பஸ்ஸில் இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பார்த்தே செத்துப்போனாள். எனக்கு வந்த மாப்பிள்ளைகள் எல்லாம் “சைக்கிள் திருடன் தங்கச்சிங்களா?” என்று கேட்டுவிட்டுக் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு கரும்பெல்லாம் சர்க்கரை ஆலைக்குப் போக ஆரம்பித்தது. கொப்பரைக்குக் கீழே முப்பது வருஷமாக நெருப்பு இல்லை. விருந்தாளிகள் போட்டோ எடுக்கட்டும் என்று சுரேந்தர் ஒரு மஞ்சள் பல்பை மட்டும் தொங்கவிட்டு, துடுப்புகளைச் சுவரில் மாட்டி வைத்திருந்தான். நான் அந்தக் கூரைக்குள் விளக்குமாறோடுகூடப் போனதில்லை.

கிளாடிஸ் வந்த பத்தாம் நாள் விமானங்களை நிறுத்தினார்கள். அடுத்த இரண்டு நாளில் நாடே கதவைச் சாத்திக்கொண்டது. சுரேந்தர் போனில் பேசி, அவள் வேண்டிய மட்டும் இருக்கட்டும், வாடகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான். பெரிய வீட்டில் அவளும், கோடி வீட்டில் நாங்கள் இரண்டு பேரும். ரோட்டில் ஒரு லாரிச் சத்தம்கூட இல்லை. தேங்காய் மட்டை விழுந்தால் ஊர் முழுக்கக் கேட்டது.

முதல் வாரம் அழுதுகொண்டிருந்தாள். அம்மாவோடு போனில் பேசிப் பேசி அழுதாள். அப்புறம் ஒரு நாள் காலையில் காப்பியோடு போனால் முகமெல்லாம் தெளிந்து உட்கார்ந்திருந்தாள். நோட்டு முழுக்க எழுத்து. ஆலையைக் காட்டி, “அந்த இடம் எழுத வைக்குது அக்கா. பத்து வருஷமா உட்கார்ந்தும் வராதது இங்க தானா வருது” என்றாள். கொள்ளுத்தாத்தா நாவலை விட்டுவிட்டாளாம். இது வேறு கதையாம்.

சித்திரை பிறந்த பிறகுதான் எனக்கு வாடை தட்டியது.

விடியலில் பால் கறந்துகொண்டிருந்தேன். பச்சைக் கரும்புச் சாறு சூடேறும்போது ஒரு வாடை வரும். முதலில் புல் வாடை, பிறகு அழுக்கு பொங்கும்போது ஒரு புளிப்பு, கடைசியில் நெஞ்சை அடைக்கிற இனிப்பு. மூன்றும் வரிசையாக வந்தன. அக்கம்பக்கத்தில் ஐந்து கல் தூரத்துக்குக் கரும்பு கிடையாது. வாழையும் மஞ்சளும் தென்னையும்தான்.

அப்பன் வாசலில் வரக்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வாடை அவருக்கும் தட்டியிருக்க வேண்டும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் எதையும் கேட்கவில்லை. வேலை இருக்கிறவளுக்குப் பயப்பட நேரம் ஏது.

மே மாதத்தில் ஒரு மத்தியானம் கிளாடிஸ் தான் எழுதியதைப் படித்துக் காட்டினாள். நான் எட்டாவது வரை படித்தவள். கதை கேட்கத் தெரியும். ஓர் ஆலை. தை மாசத்துப் பனி. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கும் முதலாளி. இரண்டு நாளாகத் தூங்காமல் துடுப்புப் போடும் ஒரு பையன். அவன் அப்பன் பச்சைத் தண்ணீரில் கையை நனைத்து, கொதிக்கிற பாகில் விரலை விட்டு எடுத்துப் பதம் பார்க்கிறார். பையன் பேர் சென்னி.

எனக்குச் சுருக்கென்றது. ஊரில் யாரோ சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. இந்தக் கதையை அவள் எழுதத் தொடங்கியதிலிருந்து தோட்டத்துக்குள் ஓர் ஆளும் வரவில்லை. அவளும் வெளியே போகவில்லை.

அவள் படித்துக்கொண்டே போனாள். “பையன் திரும்பிச் சொன்னான்: சுண்டுக்கு அடிப்பாகு எடுத்து வெய்யுங்கப்பா.”

சுண்டு என்பது நான்.

அண்ணன் ஒருவன்தான் என்னை அப்படிக் கூப்பிடுவான். அம்மாகூடக் கூப்பிட்டதில்லை.

“அப்பறம்?” என்றேன்.

“இதுக்கு மேல வரலைக்கா. மூணு நாளா இந்த வரியிலயே நிக்குது.” நோட்டை மூடிவிட்டுச் சிரித்தாள். “நீங்க காலையில வைக்கிற வெல்லம் தீர்ந்துபோச்சு போல. அதான் கதையும் நின்னுடுச்சு.”

எந்த வெல்லம் என்று கேட்டேன்.

தினமும் விடியலில் அவள் அறை வாசற்படியில் ஒரு பூவரச இலை இருக்குமாம். அதில் கையளவு வெல்லம், தொட்டால் சுடுமாம். நான்தான் பசியாற வைக்கிறேன் என்று நினைத்து, தின்றுவிட்டு எழுத உட்காருவாளாம். நாற்பது நாளுக்கு மேல் தின்றிருக்கிறாள். கடைசி மூன்று நாளாக இலை மட்டும் இருக்கிறதாம். வெறும் இலை.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். பதற்றத்தில் ஆலை வழக்கத்தைச் சொல்லிவிட்டேன். ஆலை ஓடும்போது வழியோடு போகிறவர் யாரானாலும் கூப்பிட்டு இலையில் சூடாக ஒரு உருண்டை கொடுப்பார்கள். தின்றவர் சும்மா போகக் கூடாது. துடுப்பை வாங்கி ஒரு கை கிண்டிவிட்டுத்தான் போக வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கிற வாத்தியாரும் கிண்டுவார், சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவரும் கிண்டுவார். நழுவப் பார்த்தால், “தின்ன வாய்க்குக் கை இல்லீங்களா?” என்று ஆட்கள் கேலி பேசுவார்கள்.

அவள் கண்ணில் பயம் வரவில்லை. எழுத்துக்காரி கண்ணில் வருகிற வெளிச்சம்தான் வந்தது.

மறுநாள் சரியாக உச்சிப் பொழுது. சாப்பாட்டுத் தட்டோடு போனேன். அறையில் அவள் இல்லை. நோட்டு திறந்து கிடந்தது. காற்றே இல்லை. தோப்பில் ஒரு கிளிகூடக் கத்தவில்லை.

பின்பக்கம் ஒரு சத்தம்.

கொளக்.

கொளக்.

கொதிக்கிற பாகு முட்டையிட்டு உடைகிற சத்தம். அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். வேறு எந்தச் சத்தமும் அப்படி இராது.

ஆலைக் கூரைக்கு வெளியே நின்று பார்த்தேன். கிளாடிஸ் கொப்பரை ஓரத்து மேடையில் நின்றிருந்தாள். சுவரில் மாட்டியிருந்த துடுப்பு அவள் கையில். கொப்பரை காலியாக, காய்ந்து, துருப்பிடித்துக் கிடந்தது. அவள் கிண்டிக்கொண்டிருந்தாள். காற்றைக் கிண்டுகிற மாதிரி இல்லை. பாகு இறுகும் நேரத்தில் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். அவள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கழுத்து வேர்வை ஜாக்கெட்டை நனைத்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

துடுப்பு இரும்பில் உரசும் சத்தம் கேட்டது.

இரண்டு துடுப்புச் சத்தம்.

எதிர்ப்பக்க மேடையில் யாரும் இல்லை.

நான் ஓடிப்போய் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். என் முழங்கை கொப்பரை விளிம்பில் பட்டது. தோல் அப்படியே இரும்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. அடுப்புக்குழியில் சாம்பல்கூட இல்லை. எட்டுக்கால் பூச்சி கூடு கட்டியிருந்தது. அந்தத் தழும்பு இன்றும் என் கையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மண்ணில் விழுந்த பிறகு அவள் பேசினாள். குரல் அவளுடையதுதான். பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு.

“காலு வழுக்கிருச்சுங்கப்பா.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மயங்கிவிட்டாள். உள்ளங்கை இரண்டும் கொப்புளம் கட்டியிருந்தன.

அவளைப் படுக்க வைத்துவிட்டு நேராக வீட்டுக்குப் போனேன். அப்பன் முறத்தை வைத்துக்கொண்டு புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன்.

“அண்ணன் சைக்கிள் எடுத்துட்டுப் போகலைங்களாப்பா?”

கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

“போகல கண்ணு.”

முப்பத்து நாலு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததை அரை மணி நேரத்தில் சொல்லி முடித்தார். அந்த விடியலில் ஆலையில் ஐந்து பேர். பண்ணாடி, அப்பன், அண்ணன், நெருப்புப் போட வந்த வெளியூர்க்காரர் இருவர். இரண்டு நாளாக அண்ணனை வீட்டுக்கு அனுப்பவில்லை. விலை ஏறியிருந்ததால் இன்னும் ஒரு கொப்பரை, இன்னும் ஒரு கொப்பரை என்று பண்ணாடி ஓட்டிக்கொண்டே இருந்தாராம். நுரை வழிந்து மேடை ஈரமாக இருந்தது. அண்ணன் கால் வழுக்கிப் பாகுக்குள் விழுந்தான். துடுப்பை நீட்டி இழுத்தார்கள். வெளியே எடுத்தபோது மூச்சு இல்லை. சக்கைக் குவியலில் கிடத்தினார்கள்.

அப்பன் மகனைக் கட்டிக்கொண்டு அழவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

“பதம் வந்திருந்துச்சு கண்ணு. இப்ப எறக்கலீனா கருகிப்போகும், ஒரு கொப்பரையும் வீணாப் போகும்னு பண்ணாடி சொன்னாரு. கையி தானா போயிருச்சு. எறக்கிப்போட்டேன்.”

இறக்கி, தொட்டியில் ஊற்றி, ஆற வைத்து, உருண்டை பிடித்து, மூட்டை கட்டி சந்தைக்கு அனுப்பினார்கள். அதற்குள் பண்ணாடி யோசித்து முடித்திருந்தார். போலீஸ் வந்தால் பாகு இறக்கியவனும்தான் உள்ளே போவான் என்று அப்பனிடம் சொன்னார். அடுப்புக்குப் பக்கத்துச் சாம்பல் குழியில் அண்ணனைப் புதைத்தார்கள். சைக்கிளைப் பாழுங்கிணற்றில் போட்டார்கள். நெருப்புப் போட்ட இருவரையும் அன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வாயை மூடியதற்குக் கூலிதான் நாங்கள் இருந்த ஓட்டு வீடு.

பாகைக் கவிழ்த்த பிறகு கொப்பரை அடியில் ஒட்டியிருப்பதுதான் அடிப்பாகு. அது பாகு காய்ச்சுகிறவனின் பிள்ளைகளுக்கு உரிமை. ஆலை ஓடும் நாளெல்லாம் அப்பன் சுரண்டி இலையில் கட்டிக் கொண்டுவருவார்.

நான் அதைக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று வாயைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவராகவே சொன்னார்.

“அன்னிக்கும் நீ வாசல்ல நின்னுட்டு இருந்தெ. வெறுங்கையோட வந்திருந்தா உங்கம்மா ஏன்னு கேட்டிருப்பா.”

எனக்கு அந்தக் காலை நினைவிருக்கிறது. நானும் அம்மாவும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து தின்றோம். நான் இலையை நக்கினேன். அன்று முதல் அப்பன் இனிப்பைத் தொட்டதில்லை. சர்க்கரை நோய் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். வந்ததெல்லாம் தண்ணீர்தான். முப்பத்து நாலு வருஷத்துக்கு முன் தின்றது எப்படி வரும்.

கிளாடிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுகை பொய் இல்லை. அதை இப்போதும் சொல்வேன். ரப்பர் தோட்டத்தில் தன் ஆட்களும் இப்படித்தான் கணக்கில் வராமல் போனார்கள் என்றாள். பெட்டியிலிருந்து பைபிளை எடுத்து அதன் மேல் கை வைத்தாள்.

“ஆண்டவர் சாட்சி அக்கா. உங்க அண்ணன் திருடன் இல்லன்னு என் புத்தகம் சொல்லும். சுரேந்தர்கிட்ட நானே பேசுறேன். தோண்டி எடுத்து முறைப்படி செய்யலாம்.”

அப்பனும் ஒப்புக்கொண்டார். சாவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், கூட்டிப் போ என்றார். கிளாடிஸ்தான் பொறுக்கச் சொன்னாள். ஊரடங்கு, ஸ்டேஷனில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று அப்பன் பேச்சைத் தன் போனில் பிடித்து வைத்துக்கொண்டாள். இருபது நிமிஷம். பேர், தேதி, குழி இருக்கும் இடம் எல்லாம் அதில் இருந்தன.

அதற்குப் பிறகு ஆலைப்பக்கம் வாடை இல்லை. சத்தம் இல்லை. வாசற்படியில் இலை இல்லை. அண்ணனும் எங்களோடு சேர்ந்து காத்திருந்தான் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் கடைசியில் சுரேந்தர் பாஸ் வாங்கிக்கொண்டு காரில் வந்தான். முன்கூடத்தில் இருவரும் ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பேசினார்கள். நான் இரண்டு தடவை காப்பி கொண்டுபோனேன். முதல் தடவை அவள் குரல் உயர்ந்திருந்தது. இரண்டாம் தடவை சிரித்துக்கொண்டிருந்தாள்.

திருச்சியிலிருந்து ஒரு விமானம் கிடைத்திருந்தது. சுரேந்தர்தான் ஆளைப் பிடித்து இடம் வாங்கினான். அவன் காரிலேயே போனாள். பெட்டியை நான் தூக்கினேன். இந்த முறை அவள் விடச் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்ததும் எல்லாம் செய்கிறேன் அக்கா என்றாள், என் தோளைப் பார்த்து.

கார் வாசல் தாண்டியதும் வாடை வந்தது. கருகின பாகு. பதம் தப்பி, அடிபிடித்து, கரியாய்ப் போன வாடை. மூன்று நாள் போகவில்லை. துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் அதே வாடை அடித்தது.

மெசேஜ் போட்டேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. அப்பன் பேசியதையாவது அனுப்புங்க அம்மணி என்று கேட்டேன். நீலக் கோடு. ஆடி மாதம் அப்பனுக்குக் காய்ச்சல் கண்டது. “அந்தப் புள்ள அனுப்பிச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்து, ஐந்தாம் நாள் போய்விட்டார். அதற்குப் பிறகு நீலக் கோடும் விழவில்லை.

புத்தகம் இரண்டு வருஷம் கழித்து வந்தது. சுரேந்தர் அதை வரவேற்பு மேஜையில் விருந்தாளிகள் கண்ணில் படும்படி வைத்தான். மேஜை துடைக்கும்போது எடுத்துப் படித்தேன். ஒரு நாள் வேலை கெட்டது.

நன்றாகத்தான் எழுதியிருந்தாள். பனி, சக்கை வாடை, அப்பன் விரலை விட்டுப் பதம் பார்ப்பது எல்லாம் அப்படியே. கடைசியில் மட்டும் மாற்றியிருந்தாள். நல்ல மனசுக்கார முதலாளி. அவர் சைக்கிளைத் திருடிக்கொண்டு இருட்டில் ஓடிய பையன், கால் இடறிக் கொப்பரையில் விழுகிறான். ஆசை அடங்காமல் பேயாக அலைகிறான். பேரையாவது மாற்றினாளா என்றால் இல்லை. சென்னியப்பன். அப்பன் பேர் அங்கப்பன். முதல் பக்கத்தில் சுரேந்தர் குடும்பத்துக்கு நன்றி. என்னைப் பற்றி ஒரு வரி: சமையல்கார அக்கா போட்ட காப்பிக்கு நன்றி.

ஊர் வாயால் திருடனாக இருந்தவன் அச்சில் திருடனாகிவிட்டான்.

ஸ்டேஷனுக்கு மனு கொண்டுபோனேன். பார்த்த சாட்சி உண்டா என்று கேட்டார்கள். செத்துவிட்டார் என்றேன். சுரேந்தரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வெளியே வந்து என்னிடம் மரியாதையாகவே பேசினான். “ஏனுங்க்கா, புஸ்தகத்துலயே போட்டிருக்குதுங்களே, அவரே திருடிட்டு ஓடி விழுந்தாருன்னு. நீங்க சொல்லித்தான அவங்க எழுதுனாங்க?”

அந்த வாரமே லாரியில் ஜல்லி வந்தது. பேய் ஆலையைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். கொப்பரையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து விளக்குப் போட்டு, அடுப்பையும் சாம்பல் குழியையும் மூடி முழுக்கக் கான்கிரீட் போட்டு, மேலே பளபளவென்று கல் பதித்து, சாப்பாட்டுக் கூடம் ஆக்கினான். விருந்தாளிகள் அண்ணன் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பரிமாறுவது நான். வேறு எங்கே போவேன்? போனால் அவனுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

போன மாதத்திலிருந்து அந்தத் தரையில் எறும்பு.

சிந்தியதைத் தேடி வருகிற எறும்பு இல்லை. சிவப்பு எறும்பு, லட்சக்கணக்கில். தோப்பிலிருந்து கயிறு மாதிரி வரிசை பிடித்து வந்து, மூன்றாம் மேஜைக்குக் கீழே கூடுகிறது. கல்லுக்கு நடுவில் ஊசி நுழையும் சந்துகூட இல்லாத இடம். ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம். தலைமாடு தோள் கால் எல்லாம் தெரிகிறது. கூட்டித் தள்ளினால் அரை மணியில் அதே இடத்தில் அதே அளவில் கூடுகிறது. மஞ்சளும் போட்டேன், மண்ணெண்ணெயும் ஊற்றினேன். உள்ளே போகிறது. ஒன்றுகூட வெளியே வந்து பார்த்ததில்லை.

சுரேந்தர் கோபியிலிருந்து மருந்தடிக்கிற ரசாக் பாயை வரவழைத்தான். அவர் இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறவர். டப்பாவை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். எறும்பை ஒதுக்கி, கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

சுரேந்தர் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க்கா, அடியில அடுப்பு எதும் எரியுதுங்களா?”

டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவர் திரும்ப வரவில்லை. நான் அந்த மேஜையடியில் மண்டி போட்டு உட்கார்ந்தேன். கல் சுட்டது. கையை எடுக்கவில்லை. அவனிடம் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருந்தது. செத்தவன் வாயில் கூடப்பிறந்தவள் அரிசி போட வேண்டும். அண்ணன் செத்த அன்று நான் போடவில்லை, தின்றேன்.

என் அண்ணன் சென்னியப்பனுக்கு நான் ஒரு பிடி வாய்க்கரிசி பாக்கி.